ஆர்டெல்லா மேஸுக்குப் பின்னால் விழுந்த கோடுகள்

ஆர்டெல்லா மேஸ் எந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றாலும் அந்தச் சுவரில் கறுப்புக் கோடுகள் விழும். அங்குலத்துக்கு ஒரு கோடு, அடிக்கு ஒரு தடித்த கோடு, ஓரத்தில் எண்கள். அவள் நகர்ந்ததும், அவள் மார்பு இருந்த உயரத்தில் சிலேட்டு அளவுக்கு ஒரு கட்டம் தெரியும். அதில் அவள் பெயர், தேதி, வழக்கு எண், உயரம். சிறையில் படம் எடுக்கிற சுவரில் இருக்குமே, அதேதான். கொஞ்ச நேரம் நின்றால் ஒரு கோப்பை காபி ஆறுவதற்குள் மறைந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால் மறையாது. செங்கல், மரப்பலகை, ஓடு எதுவானாலும் விழும். கண்ணாடியில் மட்டும் விழாது. எங்கள் ஊரான டன்னவேயில் நாங்கள் எல்லோரும் இதை 1999ஆம் ஆண்டு ஈஸ்டரிலிருந்து பார்த்திருக்கிறோம். அவள் குடியிருந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் மூன்று பூச்சு, நான்கு பூச்சு என்று அடித்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கோடுகள் வண்ணத்தின் மேலேயே வந்து நிற்கும்.

அவள் செய்த குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்வீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் ஊரில் எந்தச் சிறுமியும் தலைவிரி கோலமாக இருக்க மாட்டாள். மறுநாள் சபைக்குப் போக வேண்டும், வரிசை வரிசையாகத் தலையோடு ஒட்டிப் பின்ன வேண்டும். அந்த வேலைக்கு ஆற்றின் இந்தக் கரையில் ஆர்டெல்லாவின் விரல்களை விட்டால் ஆள் கிடையாது. அன்றைக்கு அவள் சமையலறையில் பதினோரு பிள்ளைகள். முடியைத் தொட வேண்டுமானால் அரசாங்க உரிமம் வேண்டும் என்று அப்போது ஒரு சட்டம் இருந்தது. உரிமத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் ஒரு பள்ளியில் படிக்க வேண்டும். அந்தப் பள்ளியில் பின்னல் ஒரு மணி நேரம்கூடச் சொல்லித்தர மாட்டார்கள். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். உரிமத் துறை ஆய்வாளர் ஒருவரும், மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃபின் துணை ஆள் ஒருவனும் வந்து நின்றார்கள். "கையை எடு," என்றான் துணை ஆள். ஆர்டெல்லாவின் முழங்கால்களுக்கு நடுவே ஒரு பெண் குழந்தையின் தலை இருந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இந்த ஒரு வரிசை முடியட்டும் சார். பாதியில விட்டா எல்லாம் பிரிஞ்சுரும். அப்புறம் நாளைக்கு இந்தப் புள்ள எந்த மூஞ்சியோட சபைக்குப் போவா?" என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. டன்னவேயில் கூரை பற்றி எரிந்தாலும் கையில் எடுத்த வரிசையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். துணை ஆள் வெளியூர்க்காரன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்பது நிமிடம் ஆனது. உரிமம் இல்லாமல் பின்னியதற்கு ஆய்வாளர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். துணை ஆள் விடவில்லை. அதிகாரியின் கட்டளைக்குப் பணியாமல் ஒன்பது நிமிடம் தடை செய்தாள் என்று எழுதினான். ஊரில் ஆளைக் கொன்றுவிட்டு ஓடியவன் எத்தனை நிமிடம் ஓடினான் என்று யாரும் இத்தனை துல்லியமாக எழுதி வைத்ததில்லை. அப்போதிருந்த நீதிபதி குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னார். பதினொரு நாள் சிறை. முதல் நாள் ஒரு சுவர் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் அவள் வெளியே வந்தபோது அந்தச் சுவரின் கோடுகளும் கூடவே வந்துவிட்டன.

அதன் பிறகு அவள் வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் ஜன்னல் ஓரமாக நிற்கப் பழகிக்கொண்டாள். பள்ளிச் சமையலறையில் வேலை கிடைத்து இரண்டாம் நாள் போனது. முதியோர் இல்லத்தில் நான்காம் நாள். கடைசியில் ஒரு சலவைக்கூடத்தில் நிலைத்தாள், அங்கே நான்கு பக்கமும் இயந்திரங்கள், நிற்பதற்குச் சுவரே கிடையாது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் பேசிக்கொண்டே கூடத்தின் நடுவில் நிற்பாள். சொந்தக்காரர் ஓரமாக நகர்ந்து வழிவிட்டால் அவளும் மரியாதைக்கு நகர வேண்டியிருக்கும், அதோடு முடிந்தது. எங்கள் புதிய கீலேயாத் பாப்டிஸ்ட் சபை மட்டும் அவளைத் தள்ளிவைக்கவில்லை. வெள்ளை உடையும் வெள்ளைக் கையுறையும் போட்டு, ஆராதனை முடியும்வரை பின்சுவரோடு நின்று, வருகிறவர்களை இடம் காட்டி உட்கார வைக்கும் பெண்கள் குழுவுக்குத் தலைவி, சபையில் மூத்தவர் என்பதால் எல்லோரும் மதர் என்று கூப்பிடும் மதர் லூவீனியா. "சுவர்ல கோடு விழுந்தா விழட்டும். உன் மேல விழலையே. கையுறையை மாட்டு பொண்ணே," என்று அவர் சொன்னதோடு பேச்சு முடிந்தது. ஞாயிறு ஆராதனை இங்கே மூன்று மணி நேரம். ஆகவே சபையின் பின்சுவரில் கோடுகள் நிரந்தரமாகிவிட்டன. இருக்கிறதை ஏன் வீணாக்குவது என்று தாய்மார்கள் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பிள்ளைகளை அங்கே நிறுத்தி உயரம் பார்த்துப் பென்சிலால் குறித்துவைத்தார்கள்.

2013இல் சட்டம் மாறியது. பின்னுவதற்கு உரிமம் வேண்டாம் என்றார்கள். மாநிலத் தலைநகரில் ஒருவர் அதைப் பற்றி உருக்கமாகப் பேசி, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். ஆனால் பின்னியது குற்றமில்லை என்று ஆன பிறகும், பின்னுவதை ஒன்பது நிமிடம் நிறுத்தாதது குற்றமாகவே இருந்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறு வருடம் ஆர்டெல்லாவின் தங்கை கோரின் இறந்துபோனாள். கோரினின் மகள் நைலாவுக்கு அப்போது ஆறு வயது. அப்பன் யாரென்று தேடும் நிலையில் யாரும் இல்லை. அடக்கம் முடிந்த அன்றே குழந்தையை அரசாங்கக் காப்பில் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இருக்கும் ஒரே இரத்த உறவு இந்தக் குழந்தைதான், என்னிடம் கொடுங்கள் என்று ஆர்டெல்லா எழுதிக்கொடுத்தாள். வீட்டைப் பார்வையிடக் குழந்தைக் காப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஆர்டெல்லா கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாற்பது நிமிடம் அசையாமல் பதில் சொன்னாள். கடைசியில் அந்த அம்மாள் குளிர்பெட்டியில் பால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். ஆர்டெல்லா எழுந்து கதவைத் திறந்துவிட்டு, அவருக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள். பால் இருந்தது, முட்டை இருந்தது, குழந்தைக்கென்று வாங்கிய பீச் பழம் இருந்தது. அந்த அம்மாள் கோடுகளைத்தான் எழுதிக்கொண்டார். குற்றப் பதிவு உள்ளவரிடம் குழந்தையைத் தருவதற்கில்லை. பார்க்கவும் கூடாது, கடிதம் போடவும் கூடாது, முகவரியும் தர முடியாது. நைலா அடுத்த நான்கு வருடங்களில் முன்பின் தெரியாதவர்களின் ஏழு வீடுகளில் வளர்ந்தாள்.

2016இல் எங்கள் சபை மண்டபத்தில் பதிவழிப்பு முகாம் நடந்தது. பழைய குற்றப் பதிவை நீக்கக் கேட்டு விண்ணப்பிக்க உதவும் முகாம். மேசைக்கு ஒரு வழக்கறிஞர், பின்கட்டில் பொரித்த கெளுத்தி மீன். எழுபத்து மூன்று பேர் வந்தார்கள். ஆர்டெல்லாவுக்கு வாய்த்தவள் பிரிஜிட் ஹோல்கம் என்கிற இளம் வழக்கறிஞர், கெட்டிக்காரி. விண்ணப்பம் அரை மணி நேரத்தில் தயார். ஒரே ஒரு சிக்கல். எந்தப் பதிவை அழிக்க வேண்டுமோ அந்தப் பதிவின் முத்திரையிட்ட நகலை இணைக்க வேண்டும். 2011 வெள்ளத்தில் ஆறு நீதிமன்றத்தின் கீழ்த்தளத்துக்குள் புகுந்து தொண்ணூறுகளின் கோப்புக் கட்டுகள் முழுவதையும் கூழாக்கிவிட்டிருந்தது. மாநிலத்தின் கணினியில் பெயரும் தேதியும் 'குற்றவாளி' என்ற ஒரு சொல்லும்தான் இருந்தன. வழக்கு எண்கூட இல்லை.

நீதிமன்றப் பதிவாளர் டேரல் பிக்கெட் கெட்டவர் அல்ல, அதுதான் வேதனை. முப்பது வருடமாக அந்த மேசையில் இருந்து, விதியைத் தவிர வேறொன்றும் தெரியாதவராக ஆகிப்போயிருந்தார்.

"இல்லாததை எப்படிம்மா அழிக்கிறது?" என்றார்.

"இல்லைன்னா எம் புள்ளையக் குடுக்கச் சொல்லுங்க சார்," என்றாள் ஆர்டெல்லா.

"இருக்கும்மா. ஆனா எங்கிட்ட இல்லை."

ஆர்டெல்லா திரும்பி அவருடைய அறைச் சுவரோடு போய் நின்றாள். கோடுகள் விழுந்தன. அவள் நகர்ந்து, கட்டத்தில் இருந்த வழக்கு எண்ணை விரலால் தொட்டுக் காட்டினாள். பிக்கெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். எண் சரியான எண்தான், அந்த வருடத்து வரிசைதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அரசாங்கச் சுவரைக் கோப்பில் சேர்க்க முடியாது. "மேசை மேல வைக்கிற மாதிரி ஏதாவது கொண்டாங்க. எண் இருந்துச்சுன்னா முத்திரை போட்டுத் தரேன், நான் ஏன் மறுக்கப்போறேன்?" என்றார். பிரிஜிட் கோடுகளைப் படம் எடுத்துக் கொடுத்தாள். படம் மூலப் பதிவு ஆகாது என்று திரும்பியது. சாட்சிகள் சொன்னதை எழுதிக் கொடுத்தாள். சாட்சியம் பதிவு ஆகாது என்று திரும்பியது. இப்படியே இரண்டு வருடம் போனது. ஒரு பெண் தான் குற்றம் செய்தவள் என்று நிரூபிக்க இரண்டு வருடம் அலைந்தாள். நிரூபித்தால்தான் அவள் செய்யவில்லை என்று சொல்வார்கள்.

2018 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மதர் லூவீனியா ஒரு ரம்பத்தோடு சபைக்கு வந்தார். போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஐயா, சுவர் கர்த்தருடையது. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க அந்தப் பக்கமா நில்லுங்க," என்றார் மதர். பின்சுவர் சுண்ணப்பலகை. ஏறக்குறைய இருபது வருடம் ஆர்டெல்லா நின்ற இடத்தை ஓர் ஆள் உயரத்துக்கு அறுத்து எடுத்தார்கள். வெள்ளை உடை, வெள்ளைக் கையுறை போட்ட ஆறு பெண்கள் அதைத் தோளில் சுமந்து பிரதான வீதி வழியாக நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். வண்டிகள் ஓரம் கட்டி நின்றன. சவ ஊர்வலம் என்று நினைத்துச் சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். பலகையைப் பிக்கெட்டின் மேசைமேல் கிடத்தினார்கள். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. பிக்கெட் குனிந்து பார்த்து, "இந்தப் பென்சில் குறியெல்லாம் என்ன?" என்று கேட்டார்.

"புள்ளைங்க உயரம். அதுல ஒண்ணு உங்க ஆஃபீஸ்ல இப்ப வேலை பாக்குது. அந்தா, ஒளியுது பாருங்க," என்றார் மதர்.

பிக்கெட் எண்ணை ஒருமுறை சரிபார்த்து, அழுத்து முத்திரையை எடுத்து, பலகையின் ஒரு மூலையில் 'மூலத்துக்கு ஒத்த உண்மை நகல்' என்று குத்தினார். கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.

அக்டோபர் கடைசியில் நீதிபதி வின்ஃபீல்ட் உத்தரவு போட்டார். பதிவு அழிக்கப்படுகிறது, பலகை உட்பட எல்லா நகல்களும் ஒழிக்கப்பட வேண்டும், மேற்படி சம்பவம் ஒருபோதும் நிகழாததாகவே கருதப்படும், அது நிகழ்ந்தது என்று சொல்லும் எந்த அரசு ஊழியரும் தண்டனைக்கு உரியவர். பலகையைக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோய் நொறுக்கினார்கள். அன்று மதியம் மூன்று மணிக்கு, அவள் குடியிருந்த ஒன்பது வீடுகளிலும் கோடுகள் மறைந்தன. ஆர்டெல்லா தன் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றாள், நகர்ந்து பார்த்தாள், மறுபடி சாய்ந்து நின்றாள். சுவர் சுவராகவே இருந்தது. சலவைக்கூடத்திலிருந்து வந்த பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நாங்கள் எல்லோரும் அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

நவம்பரில் நைலா வந்தாள். பத்து வயது. தன் உடைமைகள் முழுவதையும் ஒரு கறுப்புக் குப்பைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏழு வீடுகளுக்கும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்கள், ஒரு பெட்டி வாங்கிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எதைக் கேட்டாலும் "சரிங்க மேடம்" என்பாள். பையைப் பிரிக்கவில்லை. தலையைத் தொட விடவில்லை. முடி கட்டி தட்டிப்போய்க் கிடந்தது. மூன்றாம் வாரம், சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"நீங்க ஏன் மேடம் வரலை?"

ஆர்டெல்லா சொன்னாள். ஈஸ்டரைச் சொன்னாள், ஒன்பது நிமிடத்தைச் சொன்னாள், கோடுகளைச் சொன்னாள். நைலா கடைசிவரை கேட்டுவிட்டு, "காப்பு ஆஃபீஸ்ல அந்த அம்மாகிட்ட நான் கேட்டேன். உங்க பேர்ல எந்தத் தப்பும் இல்லவே இல்லையாம். எப்பவும் இருந்ததே இல்லையாம். தப்பே இல்லைன்னா அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே?" என்றாள். ஆர்டெல்லா எழுந்து போய்ச் சுவரோடு நின்றாள். வெறும் சுவர். நைலா அதையும் பார்த்துவிட்டு, "சரிங்க மேடம்," என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

இதுதான் அவர்கள் செய்தது. அவள் செய்ததை அழிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தாங்கள் செய்ததை அழித்துக்கொண்டார்கள். நான்கு வருடம் ஒரு குழந்தையை வீடு வீடாக அலையவிட்டதற்கு இப்போது காரணமே கிடையாது, காரணம் சொல்வது சட்டப்படி குற்றம்.

மறுநாள் ஆர்டெல்லா பிக்கெட்டின் மேசைக்குப் போய், இன்னது நடந்தது என்று ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொன்னாள். பிக்கெட் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்படி எதுவும் நடக்கலையேம்மா," என்றார்.

"நீங்கதானே சார் முத்திரை குத்துனீங்க? சுண்ணாம்பு உங்க சட்டையில விழுந்துச்சே."

"எந்தச் சுண்ணாம்பும்மா?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆர்டெல்லா சண்டை போடவில்லை. அடுத்த நாள் சலவைக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வெள்ளை உடையும் கையுறையும் போட்டுக்கொண்டு, நீதிமன்றத்தின் வெளிச்சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். காலை எட்டு மணி. உள்ளே போகிறவர்களுக்குச் சபையில் காட்டுவதைப் போலவே கையை நீட்டி வழி காட்டினாள். பத்து மணிக்கு மதர் லூவீனியாவும் மற்றப் பெண்களும் வந்து வரிசையாக நின்றார்கள். நீதிபதி வின்ஃபீல்ட் பக்கவாசல் வழியாகப் போனார். பக்கவாசலிலும் ஒருத்தி நின்று வழி காட்டினாள். ஷெரிஃபின் ஆட்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை, எதற்காக நிற்கிறார்கள் என்று எழுத வேண்டுமே. ஐந்து மணிக்கு அலுவலகம் அடைத்தார்கள். ஆர்டெல்லா முதுகை எடுத்தாள். செங்கல்லில் ஒன்றும் இல்லை. "வா பொண்ணே, கால் வீங்கிப்போச்சு," என்று மதர் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை நீதிமன்றத்தின் நான்கு சுவர்களிலும் கோடுகள் விழுந்திருந்தன. அடித்தளத்திலிருந்து கூரை வரை, அங்குலத்துக்கு ஒன்று, அடிக்கு ஒரு தடித்த கோடு. கடைசி எண் நாற்பத்தெட்டு அடி. முன்வாசல் படிகளுக்கு நேர் மேலே கட்டம், கதவு அகலத்துக்கு. மேஸ், ஆர்டெல்லா. தேதி. வழக்கு எண். தடை செய்தல், ஒன்பது நிமிடம். உயரம். பள்ளிப் பேருந்து அந்தச் சதுக்கத்தைச் சுற்றித்தான் போகும். ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே பக்கம் வந்து எட்டிப் பார்த்ததில் பேருந்து சாய்ந்தது என்கிறார்கள். நைலா இறங்கிவிட்டாள். படியில் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, அத்தனையையும் படித்தாள். அன்று அவள் பள்ளிக்குப் போகவில்லை.

மாலையில் ஆர்டெல்லா வேலை முடிந்து வந்தபோது நைலா சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் தையல் நாடா. ஆர்டெல்லாவைச் சுவரோடு நிறுத்தி, நாற்காலி போட்டு ஏறி, தலையிலிருந்து கால்வரை அளந்தாள். பிறகு இன்னொரு தடவை அளந்தாள்.

"அஞ்சடி ஆறுன்னு போட்டிருக்கானுங்க," என்றாள். "நீங்க அஞ்சடி மூணுதான்."

"அன்னிக்குக் கொண்டை போட்டிருந்தேன். கொண்டையையும் சேத்து அளந்துட்டாங்க."

"அதைக்கூடச் சரியா அளக்கத் தெரியாதா?" நைலா நாடாவைத் தரையில் வீசினாள். "ஒம்போது நிமிஷத்தை மட்டும் அளக்கத் தெரிஞ்சுதா? ஒரு வரிசைக்கு ஒம்போது நிமிஷம் ஆகாதா? ஆளு உயரமே தெரியாதவனுங்க சொல்லித்தான் நான் ஏழு வீட்டுல இருந்தேனா, பெரியம்மா?" இப்படித் திட்டிக்கொண்டே அழுதாள், அவளுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் அன்று வெளியே வந்தன, ஏழு வீடுகளில் கற்றவை. ஆர்டெல்லா ஒன்றையும் கண்டிக்கவில்லை. திட்டி முடித்ததும் நைலா சீப்பை எடுத்து வந்து, ஆர்டெல்லாவின் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். சிக்கெடுக்கவே இரண்டு மணி நேரம் ஆனது.

கோடுகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், அவற்றுக்கு மேல் வண்ணம் அடிக்க முடியாது. வேலை உத்தரவில் காரணம் எழுத வேண்டும். காரணத்தை எழுதுகிறவருக்குத் தண்டனை. ஆகவே நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறவர்கள் அந்தச் சுவர்களைப் பார்ப்பதில்லை, மற்றவர்கள் பார்க்கிறோம். ஒவ்வொரு ஜனவரியிலும் கவுண்டியின் ஏழு ஆணையர்களும் நீதிபதியும் பதிவாளரும் சம்பிரதாயப்படி முன்வாசல் படியில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் கோடுகள், தலைக்கு மேல் வழக்கு எண். படம் உள்ளூர்ச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வருகிறது. நைலா வருடா வருடம் அதை வெட்டியெடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டுகிறாள். இதுவரை ஆறு படங்கள் சேர்ந்திருக்கின்றன.